தையல் தொழிலாளர் சங்கத்தின் படப் பெட்டிகள்: நியூயார்க் ‘ஜஸ்டிஸ்’ பத்திரிகையின் புகைப்படக் காப்பகம் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

1959இல் எடுக்கப்பட்ட ஒரு படம். தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர் நியூயார்க் மாநில ஆளுநர் நெல்சன் ராக்கஃபெல்லரின் மனைவி மேரி. அருகில் நிற்பவர் சர்வதேச மகளிர் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் டேவிட் டுபின்ஸ்கி. சங்கத் தொழிலாளர்கள் தைத்த உடை இது என்று காட்டுகிற லேபிளை உடையில் பொருத்தும் வழக்கம் அந்த ஆண்டு தொடங்கியது. முதல் லேபிளைத் தைக்க ஆளுநர் வீட்டு அம்மையாரை அழைத்து உட்காரவைத்திருக்கிறார்கள்.

நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்த சங்கம் அது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தினமும் இயந்திரத்தில் உட்கார்ந்து தைத்துப் பிழைத்தவர்கள். அந்தச் சங்கத்தின் படத் தொகுப்பில் ‘தைக்கும் பெண்’ என்று தேடினால், பெயர், ஊர், கணவர் பதவி எல்லாம் தெளிவாகத் தெரிந்த ஒருவராக, தையல் வேலையே பார்த்திராத இந்த அம்மையார் வந்து நிற்கிறார். மற்றவர்கள் ‘தொழிலாளர்கள்’, ‘உறுப்பினர்கள்’, ‘வேலைநிறுத்தக்காரர்கள்’.

இதை ஒரு குறையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் தொழிற்சங்கப் பத்திரிகையின் படங்களை எப்படி வாசிப்பது என்பதற்கு இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை. அந்தப் படங்களை எடுத்தவர்கள் யார், எதற்காக எடுத்தார்கள், எந்தப் பெயரில் ஃபைல் போட்டார்கள் என்பதைப் பார்க்காமல், ‘தொழிலாளர் வரலாற்றின் கண்ணாடி’ என்று மேடையில் பாராட்டுவதால் பயனில்லை.

சங்கமும் அதன் பத்திரிகையும்

பெயரில் ‘மகளிர்’ இருப்பதால் இது பெண்கள் நடத்திய சங்கம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மகளிர் அணியும் உடைகளைத் தைப்போரின் சங்கம், அவ்வளவுதான். 1900இல் நியூயார்க்கில் தொடங்கியபோது, கோட்டு தைக்கும் ஆண்களின் ஆதிக்கம்தான் இருந்தது. பெண்கள் தங்கள் இடத்தை வேலைநிறுத்தம் செய்துதான் பிடித்தார்கள். 1909 நவம்பர் 22 அன்று கூப்பர் யூனியன் மண்டபத்தில் தலைவர்கள் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்க, கிளாரா லெம்லிக் என்ற இளம் தொழிலாளி எழுந்து, பேச்சு போதும், பொது வேலைநிறுத்தம் என்று கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் தீர்மானம் கொண்டுவந்தார். இருபதாயிரம் பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அடுத்த ஆண்டு கோட்டு தைப்போர் அறுபதாயிரம் பேர் வெளியேறினார்கள். அதற்கடுத்த ஆண்டு, 1911 மார்ச் 25இல், டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் இறந்தார்கள்.

சங்கத்தின் பத்திரிகையான ‘ஜஸ்டிஸ்’ இதற்கெல்லாம் பிறகு 1919இல் வந்தது. (சென்னையில் 1917இல் தொடங்கி ஒரு கட்சிக்கே பெயர் தந்த ‘ஜஸ்டிஸ்’ நாளிதழுக்கும் இதற்கும் தொடர்பு எதுவும் இல்லை.) ஆங்கிலத்தில் ஒன்று, இத்திஷில் ஒன்று, இத்தாலியத்தில் ஒன்று என்று தொடங்கி, பின்னால் ஸ்பானிய மொழியிலும் ஒரு பதிப்பு வந்தது. பட்டறைகளில் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதைப் பதிப்புகளின் மொழிகளை வைத்தே சொல்லிவிடலாம்: முதலில் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள், பிறகு தென் இத்தாலியர்கள், பிறகு போர்ட்டோ ரிக்கோ மக்கள்.

கடையில் தொங்கி விற்றாக வேண்டிய பத்திரிகை அல்ல இது. சங்கம் தன் செலவில் அச்சடித்துத் தன் உறுப்பினர்களுக்குத் தந்தது. ஆகவே ஆசிரியர் குழு திருப்திப்படுத்த வேண்டியவர்கள் தலைமைக் குழுவில் இருந்தார்கள். பட விஷயத்தில் இதன் விளைவு நேரடியானது. மாநாடு நடந்தால் மேடையைப் படம் எடுக்க வேண்டும். கீழே உட்கார்ந்திருப்பவர்களை எடுத்தால் நல்லது, எடுக்காவிட்டாலும் கேட்பவர் இல்லை. கிளைச் சங்கத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா என்றால் கிளை மேலாளர் கேக் வெட்டும் படம் வந்தாக வேண்டும்.

1920களின் உட்பூசலும் 1926இன் கோட்டு தைப்போர் வேலைநிறுத்தத் தோல்வியும் சங்கத்தை ஏறக்குறைய கவிழ்த்துவிட்டன. டுபின்ஸ்கி 1932இல் தலைவரானபோது உறுப்பினர்கள் சுமார் நாற்பதாயிரம் பேர்தான். ரூஸ்வெல்ட்டின் தொழில் மீட்புச் சட்டம் வந்த பிறகு, 1934க்குள் இரண்டு லட்சம். கையில் காசு வந்ததும் சங்கம் வாழ்வின் எல்லாப் பக்கங்களிலும் கால் வைத்தது. மாண்டலின் இசைக்குழு, பாடகர் குழு, கூடைப்பந்து அணி, இரவு வகுப்பு, மருத்துவ நிலையம், பென்சில்வேனிய மலைப்பகுதியில் ‘யூனிட்டி ஹவுஸ்’ என்ற விடுமுறை விடுதி. தையல் தொழிலாளர்களே ஆடிப் பாடி நடித்து 1937இல் தொடங்கிய ‘பின்ஸ் அண்ட் நீடில்ஸ்’ மேடை நிகழ்ச்சி 1,108 முறை நடந்தது. வெள்ளை மாளிகையிலும் ஆடினார்கள். காப்பகத்துக்குள் முதன்முதலாக நுழைகிறவருக்கு ஏற்படும் திகைப்பு இதுதான். மறியலும் போலீஸ் தடியடியும் எதிர்பார்த்துப் போனவர் கண்ணில், மாண்டலினை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் இளம்பெண்கள் படுகிறார்கள்.

என்னைக் கேட்டால் இந்தப் படங்கள்தான் தொகுப்பின் உயிர். வேலைநிறுத்தத்தை வணிகப் பத்திரிகைகளும் படம் எடுத்தன. ஒரு சட்டைத் தையல்காரி வியாழக்கிழமை மாலை பொருளாதார வகுப்பில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்ததை எடுத்துவைக்க வேறு எந்தப் பத்திரிகைக்கும் அக்கறை இருக்கவில்லை.

படத்தின் பின்பக்கம்

ஆவணக் காப்பகத்துக்கு வந்த பத்திரிகை அலுவலகப் படத்தை ஒருவர் கையில் எடுத்தால் முதலில் செய்ய வேண்டிய காரியம், அதைத் திருப்பிப் பார்ப்பது. படக்குறிப்பு தட்டச்சு செய்த துண்டுத்தாள், அது ஒட்டியிருந்த பசையின் பழுப்பு, தேதி முத்திரை, எத்தனை பத்தி அகலத்துக்கு பிளாக் (படத்தை அச்சிடும் உலோகத் தகடு) எடுக்க வேண்டும் என்ற குறிப்பு, படக்காரரின் பெயர் முத்திரை, பின்னாளில் யாரோ பென்சிலில் எழுதிய ஒரு சந்தேகக் கேள்விக்குறி. ஒரே படம் இரண்டு முறை வெளியாகியிருந்தால் இரண்டு தேதிகள் இருக்கும். முன்பக்கத்தில் மெழுகுப் பென்சிலால் வெட்டுக் கோடுகள் இழுத்திருப்பார்கள். அந்தக் கோடுகளுக்கு உள்ளே இருப்பதுதான் பத்திரிகையில் வந்தது. வெளியே இருப்பதை அன்று எந்த வாசகரும் பார்க்கவில்லை.

இந்த வெளிப்பகுதியில்தான் ஆய்வாளருக்கு வேட்டை. பத்திரிகைத் தாளுக்கான பிளாக், முரட்டுப் புள்ளிகளால் ஆனது; அதில் முகம் தெரியும், முகத்துக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு தெரியாது. நான்குக்கு ஐந்து அங்குல நெகட்டிவிலிருந்து போட்ட மூலப் பிரிண்டில் பூதக்கண்ணாடி வைத்தால் அறிவிப்பின் எழுத்துகளே படிக்கக் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. மேலே தொங்கும் விளக்குகள் எத்தனை, இயந்திரங்களுக்கு இடையே எவ்வளவு வழி, ஜன்னல் திறக்கக்கூடியதா, தைத்து முடித்த துணி எங்கே குவிகிறது என்பதெல்லாம் தலைவருக்குப் பின்னால், யாரும் கவனிக்காத மூலையில் பதிவாகியிருக்கும். தலைவர் வந்ததால் படம் எடுக்கப்பட்டது. நமக்கு வேண்டியது அவர் மறைக்காமல் விட்ட இடம்.

பட்டறைக்குள் எடுத்த படங்களில் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும்: ஊசிக்கு அடியில் துணி இருக்கிறதா? ஃபிளாஷ் பல்பு வெடிக்கும் நேரத்தில் யாரும் உண்மையாகத் தைத்துக்கொண்டிருப்பதில்லை. கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் வரிசையில் பலருடைய கைகள் இயந்திரத்தின் மேல் சும்மா வைக்கப்பட்டிருக்கும். பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று, தைப்பவர்களுக்கு அந்த இரண்டு நிமிடம் கூலி இழப்பு. திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளில் யாராவது பெரிய மனிதர் ‘விசிட்’ வரும் நாளில் லைனில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கட்டிங் மேஜையிலிருந்து பார்த்த பார்வை

ஆடைத் தொழிலில் எல்லாக் கையும் ஒரே கூலி பெறுவதில்லை. துணியை அடுக்கடுக்காக விரித்துக் கத்தியோட்டும் கட்டிங் மாஸ்டர் மேல்தட்டு. அவர் கை ஒருமுறை தவறினால் நூறு உடைகள் வீண். தைப்பவர், காஜா எடுப்பவர், பட்டன் வைப்பவர், அயர்ன் போடுபவர், நூல் வெட்டுபவர் என்று வரிசை கீழே இறங்கும். நியூயார்க்கில் கட்டிங் மாஸ்டர்களுக்குத் தனிக் கிளை இருந்தது: 10ஆம் எண் கிளை. உறுப்பினர்கள் ஆண்கள், கூலி அதிகம், சங்கத்துக்குள் செல்வாக்கும் அதிகம்.

டேவிட் டுபின்ஸ்கி இந்த 10ஆம் கிளையிலிருந்து எழுந்து வந்தவர். முப்பத்துநான்கு ஆண்டுகள், 1966 வரை, தலைவராக இருந்தார். 1952 முதல் 1977 வரை ‘ஜஸ்டிஸ்’ ஆசிரியராக இருந்த லியோன் ஸ்டைனும் கட்டிங் வேலை பார்த்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவர்தான். சங்கத்தின் தலையும் பத்திரிகையின் தலையும் ஒரே மேஜையிலிருந்து வந்திருக்கின்றன. இதில் சதி ஏதும் இல்லை. ஸ்டைன் நேர்மையான, கூர்மையான பத்திரிகையாளர். அவர் இல்லாவிட்டால் இந்தக் காப்பகத்தில் பாதி இருந்திருக்காது. ஆனால் எது செய்தி, எது பின்னணி என்று பிரிக்கும் கண் அந்த உயரத்திலிருந்துதான் பார்த்தது என்பதை மறந்துவிட்டுப் படங்களை வாசித்தால் ஏமாறுவோம்.

கீழேயிருந்து எழுந்த முணுமுணுப்பு சங்கத்தின் பதிவுகளிலேயே இருக்கிறது. ரோஸ் பெசோட்டா, 1933இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் மெக்சிகோ வம்சாவளித் தையல் பெண்களைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்தியவர். நாடெங்கும் சங்கம் அனுப்பிய இடமெல்லாம் போய்க் கிளை கட்டியவர். தலைமைச் செயற்குழுவில் இருந்த ஒரே பெண் அவர். உறுப்பினர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் பெண்களாக இருக்கும் சங்கத்தில், செயற்குழுவில் தான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பதில் பொருளில்லை என்று சொல்லி 1944இல் விலகிவிட்டார். இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டு செயற்குழு குரூப் போட்டோக்களைப் பார்த்தால், கோட்டு அணிந்த ஆண்களின் வரிசை திடீரென்று பேச ஆரம்பிக்கிறது.

1961இல் கறுப்பினத் தொழிலாளி ஒருவர், 10ஆம் கிளை தன்னை உறுப்பினராகச் சேர்க்க மறுக்கிறது என்று நியூயார்க் மாநில ஆணையத்தில் புகார் கொடுத்தார். மறு ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இந்தச் சங்கத்தின் இனப் பாகுபாடு குறித்தே விசாரணை நடத்தியது. கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் ஹெர்பர்ட் ஹில் கடுமையாகச் சாட்சியம் சொன்னார். டுபின்ஸ்கி கொதித்துப்போய் மறுத்தார். இதே காலத்துப் படங்களில் மார்ட்டின் லூதர் கிங் போராட்டத்துக்குச் சங்கம் தந்த ஆதரவும் இருக்கிறது, கறுப்பினப் பெண்கள் இயந்திரங்களில் வரிசையாக உட்கார்ந்திருப்பதும் இருக்கிறது. கட்டிங் மேஜையைச் சுற்றி நிற்பவர்கள் யார் என்று மட்டும் தேடிப் பார்க்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொரு படமும் சங்கத்துக்குப் பெருமை சேர்ப்பது. அருகருகே வைத்தால் ஹில்லின் புகார் புரிகிறது. பத்திரிகை சொல்ல விரும்பாததை அதன் படப் பெட்டி இப்படித்தான் சொல்லிவிடுகிறது.

பத்திரிகை எடுக்காத படங்கள்

தொகுப்பில் உலகம் அதிகம் கேட்டு வாங்கும் படங்கள் டிரையாங்கிள் தீவிபத்து பற்றியவை. நடைபாதையில் கிடக்கும் உடல்கள், மேலே அண்ணாந்து பார்க்கும் போலீஸ்காரர், வரிசையாகத் திறந்துவைத்த சவப்பெட்டிகள் நடுவே அடையாளம் காண வந்த உறவினர்கள், ஏப்ரல் 5 அன்று மழையில் நடந்த துக்க ஊர்வலம். இவற்றில் எதையும் ‘ஜஸ்டிஸ்’ எடுக்கவில்லை. பத்திரிகை பிறக்க எட்டு ஆண்டுகள் இருந்தன. வணிகப் படக்காரர்களும் நாளிதழ்களும் எடுத்தவை அவை, பின்னால் சேகரிக்கப்பட்டவை.

தேடிப் போனவர்களில் முக்கியமானவர் ஸ்டைன். 1950களில் தீயிலிருந்து தப்பியவர்கள் இன்னும் உயிரோடு இருந்தார்கள். அவர்களைக் கண்டுபிடித்துப் பேசி, பழைய நாளிதழ்களைப் புரட்டி, 1962இல் தீவிபத்து குறித்து அவர் எழுதிய நூல்தான் அந்த நிகழ்வைப் பொது நினைவுக்குத் திரும்பக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1961 மார்ச் 25இல், ஐம்பதாம் ஆண்டு நினைவுக் கூட்டத்தைச் சங்கம் அந்தக் கட்டடத்தின் அருகிலேயே நடத்தியது. மறைந்த அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் வந்திருந்தார். தீ எரிந்த நாளில் நேரில் நின்று பார்த்தவரும், பின்னால் அமெரிக்காவின் முதல் பெண் அமைச்சரானவருமான ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் வந்திருந்தார். தப்பிப் பிழைத்த முதிய பெண்களும் வந்திருந்தார்கள். இதைச் சங்கமே படம் எடுத்து வைத்திருக்கிறது.

ஆக, காப்பகத்தில் தீவிபத்து இரண்டு அடுக்காக இருக்கிறது. 1911இன் படங்கள் மற்றவர்களுடைய கேமராவில் பதிந்தவை. 1961இன் படங்கள், அந்தத் துயரத்தைச் சங்கம் தன் மூலக் கதையாக எடுத்துக்கொண்ட தருணத்தின் பதிவு. ஆய்வாளர்கள் முதல் அடுக்குக்கே ஓடுகிறார்கள். சங்க வரலாற்றுக்கு இரண்டாவது அடுக்கு அதிகம் சொல்கிறது என்பது என் கட்சி.

இந்த இடத்தில் பெயர்கள் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். இறந்த 146 பேரில் ஆறு பேரின் அடையாளம் தெரியவில்லை. புரூக்ளின் எவர்கிரீன்ஸ் மயானத்தில் ஒரே இடத்தில் அவர்களைப் புதைத்தார்கள். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2011இல்தான், மைக்கேல் ஹிர்ஷ் என்ற ஆய்வாளர் ஆறு பெயர்களையும் கண்டுபிடித்து முடித்தார். ஆங்கில நாளிதழ்களில் தவறவிட்டிருந்த செய்திகளை இத்திஷ், இத்தாலியப் பத்திரிகைகளில் தேடினார். ஐந்து பெண்கள், ஒரு ஆண். நூறு ஆண்டுகள் ‘அடையாளம் தெரியாதவர்’ என்றிருந்தவர்களுக்கு வீடு, உறவு, தேடிக் களைத்த குடும்பம் எல்லாம் இருந்திருக்கின்றன. தேட ஓர் ஆள் இல்லாததுதான் குறை.

ஒரு சவ ஊர்வலம்

1949 மே மாதம், ஆடைத் தொழிற்பகுதியின் மேற்கு 35ஆம் தெருவில் வில்லியம் லூரி என்ற சங்க அமைப்பாளர் பட்டப்பகலில், டெலிபோன் கூண்டுக்குள் வைத்துக் குத்திக் கொல்லப்பட்டார். சங்கத்தில் சேராத பட்டறைகளைச் சேர்க்கும் வேலையில் இருந்தவர். அடியாட்களை வைத்துச் சங்கத்தைத் தள்ளி நிறுத்துவது அந்த வட்டாரத்தில் ரகசியமே இல்லை. இறுதிச் சடங்கு நாளில் பட்டறைகள் நின்றன. பல்லாயிரம் பேர் தெருவில் திரண்டார்கள். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் பின்னால் விடுதலையானார்.

இந்தப் படங்களைக் குறிப்பிடக் காரணம் உண்டு. மற்ற நாட்களில் ‘ஜஸ்டிஸ்’ கேமரா மேடையை நோக்கியே திரும்பியிருக்கும். இங்கே மேடை இல்லை. கேமரா கூட்டத்துக்குள் இறங்க வேண்டியிருந்தது. தொப்பியைக் கையில் பிடித்த ஆண்கள், வேலை உடையோடு வந்துவிட்ட பெண்கள், வரிசைக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் என்று ஒரு வட்டாரம் முழுவதும் பதிவாகிறது. தலைமை எங்கே நிற்கிறது என்று தேட வேண்டியிருக்கும் படங்கள் சங்கப் பத்திரிகையில் அபூர்வம்.

1950களுக்குப் பிறகு ஹாரி ரூபன்ஸ்டைன், பர்ட்டன் பெரின்ஸ்கி போன்றவர்களின் பெயர்கள் படங்களில் வரத் தொடங்குகின்றன. பெரின்ஸ்கி கென்னடி சகோதரர்களையும் நிறையப் படம் எடுத்தவர். 1962 மே மாதம் மன்ஹாட்டனில் சங்கம் பணம் போட்டுக் கட்டிய 2,820 வீடுகள் கொண்ட கூட்டுறவுக் குடியிருப்பை அதிபர் கென்னடியே வந்து திறந்துவைத்தார். அந்தக் காலத்துப் படங்கள் தொழில்நேர்த்தியில் எந்த வாரப் பத்திரிகைக்கும் சளைத்தவை அல்ல. எனக்கு அவை கொஞ்சம் அதிகமாகவே பளபளக்கின்றன.

25ஆம் கிளை

1911 ஏப்ரல் துக்க ஊர்வலத்தின் படம் ஒன்றில் ஒரு பதாகை தெரிகிறது: சட்டை தைப்போர் சங்கம், 25ஆம் எண் கிளை, எங்கள் இழப்புக்காகத் துக்கம் கொள்கிறோம் என்ற பொருளில். 1909 வேலைநிறுத்தத்தைத் தொடங்கியதும் இதே கிளை. பல இணைப்புகளுக்குப் பிறகு 23ஆம் கிளையோடு சேர்ந்து 23-25ஆம் கிளையானது.

எழுபது ஆண்டுகள் தள்ளி வருவோம். 1970களில் இறக்குமதி ஆடைகள் நியூயார்க் பட்டறைகளை வரிசையாக மூடவைத்தன. விதிவிலக்கு, மன்ஹாட்டனில் சீனர்கள் வாழும் பகுதியான சைனாடவுன். அங்கே சுமார் ஐந்நூறு பட்டறைகள், ஏறத்தாழ இருபதாயிரம் தொழிலாளர்கள். பெரும்பாலும் சீனாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வந்த பெண்கள். சங்கக் கிளை, அதே 23-25. 1982இல் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது சீன ஒப்பந்ததாரர்கள் பலர் கையெழுத்துப் போட மறுத்தார்கள். நாம் எல்லோரும் ஒரே இனம், வெளியார் சங்கம் நமக்குள் எதற்கு என்று கேட்டார்கள். தலைமையில் இருந்த வெள்ளையர் சிலருக்கே சீனப் பெண்கள் தெருவுக்கு வருவார்களா என்ற சந்தேகம் இருந்தது. ஜூன் 24 அன்று கொலம்பஸ் பூங்காவில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் கூடினார்கள். சில நாட்களில் மறுபடியும் கூடினார்கள். பட்டறைகள் வழிக்கு வந்தன.

‘இருபதாயிரம் பேர் எழுச்சி’ என்று 1909ஐச் சங்கம் ஆண்டுதோறும் கொண்டாடியது. அதே கிளையில், அதே எண்ணிக்கையில் பெண்கள் மறுபடியும் எழுந்த நாளின் படங்கள், அந்தப் புகழில் ஒரு சிறு பங்கைக்கூட இன்று வரை பெறவில்லை. 1909இன் மறியல் பெண்களைப் பாடநூல் அட்டையில் பார்க்கலாம். 1982இன் பெண்களைக் காப்பகத்துக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். இறக்குமதியை எதிர்த்து ‘அமெரிக்கத் தயாரிப்பு’ என்று லேபிளைக் காட்டிப் பாடிக்கொண்டிருந்த சங்கத்துக்கு, அந்த லேபிளைத் தைத்தவர்களே ஆசியப் பெண்கள் என்பது விளம்பரத்துக்கு வசதியான செய்தியாக இருந்திருக்காது.

இடம் மாறிய பெட்டிகள்

சங்கம் தனக்கென்று ஓர் ஆவணக் காப்பகத்தை 1970களில் அமைத்தது. 1987இல் அது கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனது. தொழிலாளர் உறவுகள் பள்ளியோடு இணைந்த கீல் மையம், தொழிற்சங்க ஆவணங்களுக்கென்றே இருக்கும் இடம். சங்கம் இளைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1960களின் முடிவில் நாலரை லட்சமாக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை, 1995இல் வேறொரு ஆடைத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்தபோது ஒன்றேகால் லட்சமாகக் குறைந்திருந்தது. 2004இல் ஓட்டல் தொழிலாளர் சங்கத்தோடு மறுபடி இணைப்பு, 2009இல் பிளவு. இத்தனை பெயர் மாற்றங்களுக்கு நடுவே அலுவலகங்கள் காலியாகும்போது படப் பெட்டிகள் குப்பை வண்டிக்குப் போவதுதான் வழக்கமான கதை. முன்கூட்டியே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்ததால் இவை தப்பின.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. கீல் மையம் இருக்கும் இத்தாக்கா நகரம் மன்ஹாட்டனிலிருந்து முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல். மடிசன் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தையல்காரி ஒரு மதியம் போய்த் தன் படத்தைத் தேடிவிட்டு வர முடியாது. இணையத்தில் ஆயிரக்கணக்கான படங்களை மையம் ஏற்றியிருக்கிறது. அது பெரிய உதவி. ஆனால் தேடுவதற்கான சொற்கள், பத்திரிகை அலுவலகம் அன்று எழுதிவைத்த சொற்களின் வழிவந்தவை. தலைவர் பெயர், கிளை எண், நிகழ்ச்சி. காஜா எடுக்கும் கை, கர்ப்பிணித் தொழிலாளி, மேஜைக்கடியில் குழந்தை என்றெல்லாம் தேடினால் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஸ்கேன் செய்கிறவர்கள் முன்பக்கத்தோடு நிறுத்திவிட்டால் பாதி ஆவணம் போய்விடுகிறது. பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்தால் வேலை இரட்டிப்பு, செலவு இரட்டிப்பு. எந்தக் காப்பகத்திலும் இந்தச் சண்டை இருக்கிறது. பத்திரிகைப் படங்களைப் பொறுத்தவரை பின்பக்கத்துக்காகச் செலவிட வேண்டும் என்றே சொல்வேன். வேண்டுமானால் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.

உரிமைச் சிக்கல் தனி. சம்பளத்துக்கு வேலை பார்த்த படக்காரர் எடுத்தது சங்கத்தின் சொத்து. வெளியாள் எடுத்துக் கொடுத்தது, செய்தி நிறுவனத்திடம் ஒரு முறைப் பயன்பாட்டுக்கு வாங்கியது ஆகியவை அப்படியல்ல. ஒரே பெட்டியில் மூன்றும் கலந்து கிடக்கும். பிரித்துச் சொல்வது பின்பக்க முத்திரை மட்டுமே. அடுத்து நெகட்டிவ். பழைய நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பற்றும். பின்னால் வந்த அசிடேட் ஃபிலிம் காடி வாடையோடு சுருங்கி மக்கும். குளிரறையில் வைத்தால் மக்குவது தள்ளிப்போகும், நிற்காது. வெளியாகாத படங்கள் பெரும்பாலும் நெகட்டிவாக மட்டுமே இருக்கும் என்பதால், முதலில் அழிவது பத்திரிகை தேர்ந்தெடுக்காத படங்கள்தான்.

படங்களில் இருப்பவர்களுக்குப் பெயர் சேர்க்கும் வேலையில் எதை முதலில் செய்வது என்று கேட்டால், 1911ஐத் தள்ளி வைக்கலாம். அதில் இனிக் கிடைக்கப்போவது குறைவு. ஹிர்ஷ் போன்றவர்கள் தோண்டி முடித்துவிட்டார்கள். 1982 அப்படியல்ல. அன்று கொலம்பஸ் பூங்காவில் முப்பது வயதில் நின்றவர் இன்று எழுபதைக் கடந்திருக்கிறார். அவர்களில் பலர் இன்னும் அதே தெருக்களில் இருக்கிறார்கள். முகத்தைப் பார்த்தால் பெயர் சொல்வார்கள், எந்தப் பட்டறை, எந்த மாடி, யார் ஒப்பந்ததாரர் என்பதையும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் சொல்ல மாட்டார்கள். அவர்கள் பேசும் சீன மொழியான கான்டனீஸ் தெரிந்த இரண்டு பேரை வேலைக்கு வைத்து, படங்களைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு, சைனாடவுன் முதியோர் மையங்களில் மேஜை போட்டு உட்கார வேண்டும். அதற்கான செலவு, ஒரு கண்காட்சி திறப்பு விழாவுக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.